உயர்த்திய பழைய ஃபாரெஸ்டருக்கு எந்தக் கிளட்ச், எந்த ஃபிளைவீல்?

ஒரு தம்பி நீளமாகக் கேட்டிருக்கிறார். சுருக்கம் இது: 2001ல் சிங்கப்பூரில் பதிவான சுபாரு ஃபாரெஸ்டர், 2.0 லிட்டர், டர்போ இல்லை, 5 கியர் மேனுவல். சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழை இரண்டு தடவை புதுப்பித்தாயிற்று. காரை இரண்டு அங்குலம் உயர்த்தி, 205/70 ஆர்15 டயர் இருந்த இடத்தில் 215/75 ஆர்15 போட்டிருக்கிறார். அடுத்து 225/75 போடலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. மாதம் இரண்டு தடவை உட்லண்ட்ஸ் தாண்டி, மலேசியாவின் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறார். கடைசி சில கிலோமீட்டர் செம்மண் பாதை. இப்போது புறப்படும்போது உதறுகிறது, மேட்டில் எரிந்த வாடை வருகிறது. ஒரு கடையில் 'செராமிக் கிளட்ச் போடுங்கள், லைட் ஃபிளைவீல் போடுங்கள், பிரச்சினையே வராது' என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்கலாமா? எந்த பிராண்டு வாங்கலாம்?

அந்தக் கடை சொல்வதைக் கேட்க வேண்டாம், தம்பி. கார் புதிதாக வந்தபோது இருந்த அதே அளவில், அதே ஆர்கானிக் லைனிங் (உரசிப் பிடிக்கும் பகுதி) உள்ள கிளட்ச் போடுங்கள். சுமையும் செம்மண்ணும் அதிகம் என்று நினைத்தால், அதே ஆர்கானிக் வகையிலேயே, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் கொஞ்சம் அழுத்தமாக இருக்கிற ஒன்றை எடுக்கலாம். இன்ஜினோடு சுற்றுகிற கனமான இரும்புச் சக்கரமான ஃபிளைவீல் பழைய எடையிலேயே இருக்கட்டும். உங்கள் காருக்குத் தேவை அதிகப் பிடி இல்லை, சூட்டைத் தாங்குகிற பொறுமை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். அதற்கு முன்னால் ஒன்று பார்த்துவிடுவோம். அந்த உதறல் கிளட்சிலிருந்துதான் வருகிறதா?

உயர்த்திய காரில் இது மிக முக்கியமான கேள்வி. காரைத் தூக்கும்போது கியர்பாக்ஸ் அதே இடத்தில் இருக்கிறது, சக்கரம் மட்டும் கீழே இறங்குகிறது. அதனால் முன் டிரைவ் ஷாஃப்ட்டுகள் சாய்வாக நிற்கும். சாய்வு கூடினால் உள்பக்க ஜாயின்ட், சுமை ஏறும்போது அதிரும். அந்த அதிர்வு எப்போது வரும்? சரியாகப் புறப்படும்போதுதான். ஓட்டுகிறவருக்கு அது கிளட்ச் உதறல் மாதிரியே இருக்கும். ஒரு கார் எனக்குத் தெரியும். அதற்கு ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஒரே வருடத்தில் இரண்டு தடவை கிளட்ச் மாற்றியிருந்தார்கள். உதறல் அப்படியே இருந்தது. என்னிடம் வந்தபோது அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்ட்ரட்டுக்கு மேலே மட்டும் ஸ்பேசர் வைத்துத் தூக்கியிருந்தார்கள், இன்ஜினைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமை இறக்கவே இல்லை. ஷாஃப்ட்டின் கோணத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அந்த மனிதர் இரண்டு கிளட்சுக்குக் கொடுத்த பணத்தை நினைத்து இன்றும் எனக்கு வருத்தம்தான்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கிளட்ச் உதறல் என்றால் பெடல் பாதியில் இருக்கும்போது மட்டும் வரும். காலை முழுசாக எடுத்த கணமே நின்றுவிடும். ஜாயின்ட் அதிர்வு அப்படியில்லை. பெடலை விட்ட பிறகும், இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் தொடரும், காலை எடுத்தால் குறையும். இன்னொன்று, உங்கள் வீவக புளோக்கின் பல மாடி கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி மெதுவாக ஏறும்போது மட்டும் கார் இழுத்துப் பிடிக்கிறதா? அப்படியென்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கிற நடு டிஃபரன்ஷியலில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்கைச் சந்தேகப்படுங்கள். சுபாருவில் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று ஓட்டினால் அந்தக் கப்ளிங் சும்மாவே சூடாகிச் செத்துப்போகும். அப்புறம் இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், இன்ஜினுக்குப் பின்னால் மேலே இருக்கும் பிட்ச் ஸ்டாப்பர் கம்பியின் புஷ். இருபது வருடத்துக்கு மேலான காரில் இந்த ரப்பர்கள் நல்லபடியாக இருப்பது அபூர்வம். அவை கிழிந்திருந்தால் புத்தம்புது கிளட்சும் உதறும்.

கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா என்று பார்ப்பது இன்னும் சுலபம். காலியான சாலையில் நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் மேலே ஓடி, கார் அதே வேகத்தில் போனால் கிளட்ச் முடிந்தது. கையால் பிரேக் இழுத்துக்கொண்டு கிளட்சை விட்டுப் பார்க்கிற பழைய சோதனை நாலு சக்கர டிரைவ் காருக்கு வேண்டாம். பெடல் முன்பைவிடக் கனமாகிவிட்டதா என்றும் யோசித்துப் பாருங்கள். லைனிங் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் டயஃபிரம் ஸ்பிரிங் நிற்கும் நிலை மாறுகிறது, அதனால் பெடல் மெல்ல மெல்லக் கனக்கும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. வேறு யாராவது ஓட்டினால் உடனே சொல்லிவிடுவார்கள்.

சரி, கிளட்ச்தான் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது காரை உயர்த்தியதால் கிளட்சுக்கு என்ன ஆனது? நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. ஸ்பிரிங் உயரமானால் கிளட்சுக்குத் தெரியாது. பெரிய டயரும், அதோடு சேர்ந்த எடையும்தான் அதற்குத் தெரியும்.

இங்கேதான் கடைக்காரர்கள் தடம் மாறுகிறார்கள். கிளட்சை விற்கும்போது எவ்வளவு டார்க் தாங்கும் என்பதைத்தான் பேசுவார்கள். டார்க் என்கிற முறுக்குவிசை இன்ஜினிலிருந்து வருவது. உங்கள் 2.0 லிட்டர் இன்ஜின் சுமார் 180 நியூட்டன் மீட்டர் தருகிறது. கார் உயர்ந்த பிறகும் அதே 180தான். தொழிற்சாலையில் வைத்த கிளட்சிலேயே இன்ஜின் தருவதற்கு மேல் தாங்குகிற இருப்பு உண்டு. ஆகவே பிடி போதாமல் உங்கள் கிளட்ச் சாகவில்லை. ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அதிக நேரம் உரசி, சூடாகி, கருகிச் செத்தது.

எவ்வளவு சூடு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பெடலை விட ஆரம்பிக்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டும் ஒன்றுசேரும்வரை பிளேட் உரசிக்கொண்டே இருக்கும். முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து சுமார் 14 மடங்கு குறைப்பதால், கிளட்ச் முழுசாகப் பிடிக்கிற நேரத்தில் கார் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சமதளத்தில், அந்த வேகத்துக்கு வர காருக்கு எவ்வளவு ஆற்றல் போனதோ, கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகப் போயிருக்கும். ஆட்களோடு 1,700 கிலோ என்றால், ஒரு புறப்பாட்டுக்கு 10 கிலோஜூல் அளவு.

இப்போது டயரை மாற்றுங்கள். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 என்றால் சுமார் 703. ஐந்து சதவீதம்தானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் கிளட்ச் பிடிக்கிற நேரத்தில் காரின் வேகமும் அதே ஐந்து சதவீதம் கூடிவிடுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். எனவே வெப்பம் 11 சதவீதம் கூடுகிறது. நீங்கள் கேட்ட 225/75 ஆர்15 போட்டால் விட்டம் 718 மில்லிமீட்டரைத் தாண்டும், வெப்பம் 16 சதவீதம் கூடும். இது சமதளத்துக்கு. மேட்டில் கதையே வேறு. புவியீர்ப்பு பின்னால் இழுக்கும்போது, கிளட்ச் கடத்துகிற விசையில் பாதி காரைப் பிடித்து நிறுத்தவே செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், உரசுகிற நேரம் இரண்டு மடங்காகும், வெப்பமும் இரண்டு மடங்காகும். பெரிய டயர் அந்த இழுப்பையும் கூட்டுகிறது. நான் போட்ட கணக்கில், நல்ல மேட்டில் 225 டயரோடு புறப்பட்டால் பழைய டயரைவிடக் கால் பங்கு வெப்பம் கூடுதல். உங்களுக்கு வந்த எரிந்த வாடை இதுதான்.

ஜீப் வகை வண்டிகளில் இதற்கு லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக ஊர்வதற்கென்றே கூடுதல் கியர் குறைப்பு, இருக்கிறது. செம்மண் மேடு வந்தால் நெம்புகோலை இழுத்தால் போதும், கிளட்ச் நிம்மதியாக இருக்கும். சுபாருவிலும் சில நாடுகளுக்குப் போன மேனுவல் கார்களில் இரட்டை ரேஞ்ச் இருந்தது. உங்கள் காரில் அந்த இரண்டாவது நெம்புகோல் இல்லை என்றால், உங்களுக்கு லோ ரேஞ்ச் என்பது உங்கள் இடது கால்தான். பாதி கிளட்சில் மெதுவாக ஊர்வதுதான் ஒரே வழி. அப்படியானால் பாதி கிளட்சில் எந்த லைனிங் நன்றாக நடந்துகொள்ளும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆர்கானிக் லைனிங் அதில் கெட்டிக்காரன். மெதுவாகப் பிடிக்கும், எவ்வளவு விட வேண்டும் என்று காலுக்குத் தெரியும். இரண்டு லைனிங்குக்கும் நடுவில் அலை மாதிரி வளைந்த மெல்லிய தகடுகள் இருக்கின்றன. அவை அமுங்கி அமுங்கிப் பிடிப்பதால்தான் புறப்பாடு மெத்தென்று இருக்கிறது. மிகவும் சூடானால் ஆர்கானிக் கொஞ்சம் வழுக்கும், வாடை வரும், நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். சூடு தணிந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். கெவ்லார் லைனிங் இன்னும் மிருதுவாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் படிவதற்கு நிறைய ஓட்டம் வேண்டும், ஒரு தடவை அதிகம் சூடாகி முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் பிறகு திரும்புவது கஷ்டம். நெரிசலுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

செராமிக் என்று கடையில் சொல்வது பெரும்பாலும் உலோகத் தூளும் பீங்கானும் கலந்து சுட்ட கட்டிகள். மூன்று, நாலு, ஆறு என்று துண்டு துண்டாக இருக்கும். அது கெட்ட பொருள் இல்லை. டார்க்கை இரண்டு மடங்காக்கிய டர்போ இன்ஜினுக்கும் பந்தயத்துக்கும் அது வேண்டும். சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதற்கு நடுவாந்தரம் தெரியாது. பிடித்தால் பிடி, விட்டால் விடு. பாதி கிளட்சில் வைத்தால் உதறும், ஃபிளைவீலின் முகத்தை அரத்தால் தேய்த்த மாதிரி தின்னும். பல வருடத்துக்கு முன் ஒருவர் பிடிவாதமாகக் கேட்டார் என்று உயர்த்திய காருக்கு ஆறு கட்டி செராமிக் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் திரும்பி வந்தார். ஜொகூர் காஸ்வேயில் இரண்டு மணி நேரம் ஊர்ந்த அன்று அவர் மனைவி இனி இந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கழற்றிப் பார்த்தால் ஃபிளைவீலில் நகம் மாட்டுகிற அளவுக்கு வரிகள். அன்றே அவரிடம் மறுத்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அதனால்தான் இப்போது கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளேட்டின் நடுவில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்ஜினின் துடிப்பை கியர்பாக்ஸுக்குப் போகாமல் அவை விழுங்குகின்றன. ஸ்பிரிங் இல்லாத இறுக்கமான நடுப்பகுதி உள்ள பிளேட் போட்டால், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று பேசும். பழைய கியர் பற்களுக்கும் நல்லதில்லை.

'ஹெவி டியூட்டி' ஆர்கானிக் எப்போது எடுக்கலாம்? கூரையில் சாமான், பின்னால் நாலு பேர், மழைக்காலத்திலும் தோட்டப் பாதை, இதுதான் வழக்கம் என்றால் எடுக்கலாம். பிரஷர் பிளேட்டின் அழுத்தம் பத்திருபது சதவீதம் கூடினால் போதும். அதற்கு மேல் போனால் பெடல் கனக்கும். கேபிள் கிளட்ச் என்றால் கேபிளும் ஃபோர்க்கும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் வரிசையில் நின்றுகொண்டு ஐந்நூறு தடவை மிதிக்கப்போகிற கால் உங்களுடையது.

இனி ஃபிளைவீல். இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு, ஏனென்றால் இளைஞர்களை அதிகம் ஏமாற்றுகிற பாகம் இது. லைட் ஃபிளைவீல் போட்டால் இன்ஜின் சீக்கிரம் சுற்றும், உண்மை. டயர் சின்னது, கார் லேசு, கியர் மாற்றி மாற்றி வேகமாக ஓட்டுகிறவருக்கு அது சுகம். உங்களுக்கு நேர் எதிரானது வேண்டும். ஃபிளைவீல் ஒரு சேமிப்பு உண்டியல். இன்ஜின் சுற்றும்போது ஆற்றலைச் சேர்த்து வைத்து, நீங்கள் கிளட்சை விடுகிற கணத்தில் திருப்பிக் கொடுக்கிறது. அதனால்தான் குறைந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் அணையாமல் கார் நகர்கிறது. உண்டியலைச் சின்னதாக்கினால், நீங்கள் அணையாமல் இருக்க ஆர்பிஎம்மைக் கூட்டிப் புறப்படுவீர்கள். 1,500 இருந்த இடத்தில் 2,000 வைத்தால், அதே வர்க்கக் கணக்குப்படி வெப்பம் 1.7 மடங்குக்கு மேல் போகும். ஆக, லைட் ஃபிளைவீல் கிளட்சைக் காப்பாற்றாது, கொல்லும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிளட்சின் சூடு எங்கே போகிறது? பாதி பிரஷர் பிளேட்டுக்கு, பாதி ஃபிளைவீலுக்கு. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் காற்றோட்டம் குறைவு, அங்கே சேர்ந்த சூடு மெதுவாகத்தான் வெளியேறும். எட்டு கிலோ இரும்பு ஃபிளைவீல் என்று வைத்துக்கொண்டால், ஒரு புறப்பாட்டில் அதன் சராசரி வெப்பநிலை ஒன்றரை டிகிரிக்குள் ஏறும். நாலு கிலோ ஆக்கினால் அதே புறப்பாட்டில் இரண்டு மடங்கு ஏறும். உரசுகிற முகத்தின் சூடு இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம், இது மொத்த இரும்பின் கணக்கு மட்டும். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லை. காஸ்வேயில் ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை நின்று நின்று போகும்போது யோசித்துப் பாருங்கள். எடை இருக்கிற ஃபிளைவீல் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள இடம் தருகிறது.

உங்கள் காரில் இருப்பது ஒரே துண்டான சாதாரண ஃபிளைவீல். நல்லது. இரட்டை எடை ஃபிளைவீல் உள்ள வேறு கார் வைத்திருக்கிறவர்கள் மட்டும், அதைக் கழற்றி ஒற்றைத் துண்டு போடுவதற்கு முன் நன்றாக யோசிக்கட்டும். அது விழுங்கிக்கொண்டிருந்த துடிப்பு கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேரும்.

பழைய ஃபிளைவீலை மறுபடி பயன்படுத்தலாமா? கழற்றிய பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். நீலமும் கருப்புமாகப் புள்ளிகள் இருந்தால் அந்த இடம் மட்டும் அதிகம் சூடாகிக் கடினமாகியிருக்கிறது. லேசாக இருந்தால் கிரைண்டிங்கில் போகும். ஆழமாக இருந்தால், கிரைண்ட் செய்து பளபளவென்று வந்தாலும் கடினம் உள்ளேயே இருக்கும், சில மாதத்தில் புள்ளி மேடாகி உதறல் திரும்பிவிடும். தலைமுடி மாதிரி மெல்லிய கீறல்கள் மேலோட்டமாக இருந்தால் கவலை இல்லை. போல்ட் ஓட்டைகளுக்கு அருகிலோ விளிம்பு வரையோ ஓடுகிற வெடிப்பு என்றால் அந்த ஃபிளைவீலைத் தூக்கிப் போடுங்கள். சுற்றுகிற இரும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தேய்க்கக் கொடுக்கும்போது லேத்தில் சீவாமல் கிரைண்டிங் கல்லில் தேய்க்கச் சொல்லுங்கள். கடினமான புள்ளியின் மேல் லேத் உளி துள்ளும், முகம் சமமாக வராது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று ஒர்க்‌ஷாப் மேனுவலில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முகத்தில் படி உள்ள ஃபிளைவீல் என்றால், உரசும் முகத்தில் எவ்வளவு எடுத்தார்களோ அதே அளவு படியிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தமே மாறிவிடும்.

உண்மையான நோய் கியரில் இருக்கிறது என்று கணக்கே காட்டுகிறதல்லவா? அப்படியானால் மருந்தும் அங்கேதான். சுபாரு குடும்பத்தில் 4.111 டிஃபரன்ஷியல் விகிதம் உள்ள கியர்பாக்ஸும் உண்டு, 4.444 உள்ளதும் உண்டு. 4.111லிருந்து 4.444க்குப் போனால் கியர் குறைப்பு 8 சதவீதம் கூடும். 225/75 டயர் கூட்டிய 7.6 சதவீதத்தை அது ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். கிளட்சுக்காக எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கப் போகிறது. ஜொகூரில் ஜப்பான் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்கள்) விற்கிற இடங்களில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் கவனம்: முன்னால் 4.444 என்றால் பின் டிஃபரன்ஷியலும் கட்டாயம் 4.444 ஆக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டு நடுக் கப்ளிங்கைத் தின்றுவிடும். வாங்குவதற்கு முன் இப்போது உங்கள் காரில் என்ன விகிதம் இருக்கிறது என்று பாருங்கள், ஏற்கெனவே 4.444 என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

இதெல்லாம் செலவு என்றால், 225 டயர் ஆசையை விட்டுவிடுங்கள். 215லேயே நில்லுங்கள். தோட்டப் பாதைக்கு அது தாராளம். பெரிய டயரில் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். முள் 90ல் நிற்கும்போது நிஜ வேகம் அதற்கு மேலே இருக்கலாம், பிஐஇ விரைவுச்சாலைக் கேமராவுக்கு முள் தெரியாது. பத்து வருடத்தைத் தாண்டிய கார் என்பதால் வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறீர்கள். டயரோ கியர்பாக்ஸோ ஸ்பிரிங்கோ, எதை மாற்றினாலும் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏயின் ஒன்மோட்டரிங் தளத்தில் எது அனுமதி, எதற்கு ஒப்புதல் வேண்டும் என்று முதலில் பார்த்துவிடுங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. பணம் கொடுத்த பிறகு கழற்றுவது வேதனை.

வேலை செய்கிற ஒர்க்‌ஷாப்பில் என்ன சொல்ல வேண்டும்? இந்த வேலையில் கூலிதான் பெரிசு. அதனால் கியர்பாக்ஸ் இறங்கிய நேரத்தில் சின்னச் சின்னதையெல்லாம் சேர்த்து மாற்றிவிடுங்கள். பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் கிட்டிலேயே வரும். ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கைப் பலர் விட்டுவிடுவார்கள், விட வேண்டாம். ரிலீஸ் பேரிங் ஓடுகிற குழாயைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுபாரு கியர்பாக்ஸில் அது பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். தேய்ந்த குழாயில் புது பேரிங் போட்டால் பெடல் தடுக்கித் தடுக்கி வரும், அதுவும் உதறலாகத் தெரியும். அதற்கென்றே ரிப்பேர் ஸ்லீவ் கிடைக்கிறது. இன்ஜினின் பின் ஆயில் சீலையும் அதன் பக்கத்தில் இருக்கும் செப்பரேட்டர் பிளேட்டையும் பாருங்கள். இந்த வகை இன்ஜின்களில் சில வருடங்களில் அந்தத் தகடு பிளாஸ்டிக்கில் வந்தது, அதிலிருந்து ஆயில் கசியும். பிளாஸ்டிக் என்றால் உலோகத் தகடாக மாற்றிவிடுங்கள். ஒரு சொட்டு ஆயில் லைனிங்கில் பட்டால் போதும், புது கிளட்ச் முதல் நாளே உதறும். மேட்டில் பின்னால் உருளாமல் பிடிக்கிற ஹில் ஹோல்டர் உங்கள் காரில் இருந்தால், புது கிளட்சுக்கு ஏற்ப அதன் கேபிளையும் சரிப்படுத்த வேண்டும். மறந்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு, நீங்கள் இன்னும் ஆர்பிஎம் கூட்டுவீர்கள். பழைய பிளேட்டின் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் உண்டு. ஈரத் துணியால் துடைக்கட்டும்.

பிராண்டு கேட்டீர்கள். எக்ஸெடி, ஐசின், வலியோ, மூன்றும் எனக்குச் சம்மதம். எக்ஸெடி சுபாருவுக்கே தொழிற்சாலையில் கொடுக்கிற கம்பெனி. பெயரைவிட முக்கியம், பெட்டிக்குள் இருப்பது உங்கள் காருக்கு உரியதா என்பது. சுபாருவில் 225 மில்லிமீட்டர் பிளேட் உண்டு, 230 உண்டு. தள்ளும் வகை உண்டு, இழுக்கும் வகை உண்டு. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். சந்தை விலையைவிடப் பாதிக்குக் கிடைத்தால் வாங்க வேண்டாம், போலிப் பெட்டிகள் நிறையச் சுற்றுகின்றன.

போட்ட பிறகு முதல் 500, 800 கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டுங்கள். விரைவுச்சாலையில் ஒரே கியரில் ஓடும் தூரம் இதில் சேராது, ஏனென்றால் அங்கே கிளட்ச் வேலையே செய்வதில்லை. தெம்பனிஸ், பிடோக் என்று விளக்குக்கு விளக்கு நின்று நின்று போங்கள். அந்த மென்மையான புறப்பாடுகளில்தான் லைனிங் ஃபிளைவீலோடு படியும். அந்த நாட்களில் குளுவாங் பயணத்தை ஒத்தி வையுங்கள், மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். அப்புறம் காஸ்வேயில், முன் காரோடு ஒட்டிக்கொண்டு ஊராமல், இரண்டு கார் இடம் விழும்வரை நியூட்ரலில் நின்று, பிறகு முதல் கியரில் முழுசாகக் கிளட்சை விட்டு நகருங்கள். யாராவது நடுவில் நுழைவார்கள். நுழையட்டும். கார் நிறுத்துமிட மேட்டில் நிற்கும்போது கிளட்சில் தாங்கி நிற்காதீர்கள், கை பிரேக் எதற்கு இருக்கிறது?

கிட் வந்ததும் உடனே மாட்டச் சொல்லாதீர்கள். பழைய பிளேட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விட்டத்தையும் நடுவில் இருக்கும் ஸ்பிளைன் பற்களையும் எண்ணிப் பாருங்கள், ஃபிளைவீலைத் துடைத்து வெயிலில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பினால் அதைக் கிரைண்ட் செய்யலாமா, புதுசு வாங்க வேண்டுமா என்று அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.